மறுபடியும் வரப்போகிற நாடகக்காரர்களுக்கு, டெய்லர் அக்கா எழுதுவது

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

தை பிறந்ததும் மறுபடி எங்கள் ஊருக்கு வருகிறீர்கள் என்று ஊராட்சி ஆபீசில் சொன்னார்கள். போன தடவை மாதிரியே ஐந்து வாரம், போன தடவை மாதிரியே ஊர் மக்களோடு சேர்ந்து ஒரு நாடகம், இந்தத் தடவை ஏரியைப் பற்றி என்று கேள்வி. இந்தக் கடிதத்தை நேராக உங்களுக்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்களை மாதிரி வேன் எடுத்துக்கொண்டு கிராமத்துக்கும் குப்பத்துக்கும் ஹவுசிங் போர்டுக்கும் போகிற குழுக்கள் இப்போது நிறைய இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதுகிறேன். உங்கள் குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஊர்ப் பெயரும் வேண்டாம், செய்யாறு பக்கம் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. வாருங்கள். வருவதற்கு முன்னால் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்பதுதான் விஷயம், அதைச் சொல்லப் போன வருஷத்துக் கதையைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது.

முதல் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை வட்டமாக நிற்கவைத்து, பெயரைச் சொல்லிக்கொண்டே உடம்பால் ஏதாவது ஒரு அசைவு செய்யுங்கள் என்றீர்கள், ஞாபகம் இருக்கிறதா? பதினாலு பேர் நின்றோம், அதில் ஐந்து பேர் காலனி. ஒருத்தருக்கும் கை எழவில்லை. கடைசியில் பால் ஊற்றுகிற அக்காதான், பெயரைச் சொல்லி இரண்டு கையாலும் காற்றில் மடியைப் பிடித்துக் கறந்து காட்டியது. அவ்வளவுதான், சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அப்புறம் எனக்கும் வெட்கம் போய் நின்ற இடத்திலேயே காலால் மிஷின் மிதித்தேன். இருபது வருஷமாக மிதிக்கிற மிஷின்தான், ஆனால் அதை நாலு பேர் பார்க்க, மிஷின் இல்லாமல் மிதித்தபோது என் காலையே நான் முதல் தடவையாகப் பார்த்த மாதிரி இருந்தது. இதை நான் உங்களிடம் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் கீழே வரப்போகிற குறைகளைப் படித்துவிட்டு இந்த அக்காவுக்கு நாடகமே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாம் வாரம் அந்தக் கடன் காட்சி செய்தீர்கள். வார வசூலுக்கு வந்த லோன்காரர் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார், வீட்டுப் பெண் அழுகிறாள், கெஞ்சுகிறாள், அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கிறது. நடித்துக் காட்டிவிட்டு, இந்தப் பெண்ணின் இடத்துக்கு யாராவது வந்து வேறு மாதிரி செய்து பார்க்கிறீர்களா என்று கேட்டீர்கள். பிரேசில் நாட்டுக்காரர் அகஸ்தோ போவால் என்பவர் உண்டாக்கிய முறை, பார்க்கிறவர்களே எழுந்து வந்து நாடகத்தை மாற்றலாம் என்று விளக்கமும் சொன்னீர்கள். விளக்கம் எங்கே மண்டையில் ஏறியது? திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மளிகைக்கடை ஆயா, எழுபது வயசுக்கு மேல் இருக்கும், எழுந்து வந்தாரே, அதுதான் ஏறியது.

ஆயா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. வீட்டுப் பெண் வேலைக்குப் போயிருக்கிற மாதிரி காட்சியையே மாற்றி, லோன்காரராக நடித்த தம்பியின் சட்டையைப் பிடித்து உட்காரவைத்து, சொம்பில் தண்ணி கொடுக்கிற மாதிரி கொடுத்து, "நீ எந்த ஊருப்பா, அம்மா நல்லா இருக்காங்களா?" என்று ஆரம்பித்தார். தம்பி திருதிருவென்று முழித்தது. "வண்டி புதுசா இருக்கே, மாசம் டியூ எவ்ளோ கட்ற?" தம்பி வேஷத்தை மறந்து நிஜமாகவே தன் வண்டிக்குக் கட்டுகிற தொகையைச் சொல்லிவிட்டது. "ம். நீயும் கட்ற, அவளும் கட்றா. கம்பெனி பஸ்ஸு ஏழு மணிக்கு வந்து எறக்கிவுடும், அப்ப வந்து வாங்கிக்க. பூட்டின வீட்டு வாசல்ல உக்காந்து ஊருக்குக் காட்டாத, எழுந்திரு." அன்றைக்கு ராத்திரி குழாயடியில் இதே பேச்சுதான். அடுத்த வாரம் நிஜ லோன்காரர் வந்தபோது ஒரு வீட்டில் அவருக்குச் சொம்பில் தண்ணி போனது. அதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது. அவரும் குடித்துவிட்டு, சரி ராத்திரி வருகிறேன் என்று போய்விட்டார்.

கடைசி நாள் மேடையில், மேடை என்ன மேடை, பழைய ரைஸ்மில் களத்தில், அந்தக் காட்சி இல்லை. நீளமாகிறது, ஓட்டம் கெடுகிறது என்று எடுத்துவிட்டீர்களாம். எடுத்தது எங்களுக்கு எப்போது தெரியும்? அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு, ஆயா வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது. அந்த இடத்தில் நீலத் துணியை ஆறு பேர் பிடித்து அலை அலையாக ஆட்டினீர்கள், பின்னால் ஒருத்தர் புல்லாங்குழல் வாசித்தார். அழகாகத்தான் இருந்தது, நான் ஓரம் அடித்த துணி, நானே குறை சொல்வேனா. ஆனால் அந்த அலை எந்த ஊருக்குப் போனாலும் ஆடும். ஆயா எங்கள் ஊரில்தான் எழுந்து வந்தார்.

உங்கள் குழுவில் கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு இருந்ததே, டீ குடிக்க என் கடைக்கு வரும், ஊர் உலகத்து நாடகக் கதையெல்லாம் அதற்குத் தெரியும். அதுதான் கென்யாவில் கமிரீத்து என்கிற கிராமத்தைப் பற்றிச் சொன்னது. 1977-ல் கூகி வா தியாங்கோ என்கிற எழுத்தாளரும் கூட இருந்தவர்களும் அந்த ஊர்க்காரர்களோடு, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், பக்கத்திலிருந்த பாட்டா செருப்புத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், இவர்களோடு சேர்ந்து அவர்கள் பாஷையிலேயே ஒரு நாடகம் போட்டார்களாம். திறந்த வெளி அரங்கத்தை ஊர்க்காரர்களே கட்டியிருக்கிறார்கள். ஒத்திகை எல்லோர் கண் முன்னாலும் நடக்கும், பார்த்துக்கொண்டிருக்கிற கிழவர், "பெரியவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்" என்று வசனத்தைத் திருத்துவார், எழுத்தாளர் கேட்டு மாற்றிக்கொள்வார். சில வாரத்திலேயே அரசாங்கம் நாடகத்துக்குத் தடை போட்டு, அந்த வருஷக் கடைசியில் அவரைப் பிடித்து உள்ளே வைத்தது. 1982-ல் போலீஸ் வந்து அந்த அரங்கத்தையே இடித்துத் தள்ளியிருக்கிறது.

செருப்புத் தொழிற்சாலை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விடிகாலையில் கம்பெனி பஸ் வந்தால் ராத்திரிதான் திரும்பும். நீங்கள் ஒத்திகை வைத்தது சாயங்காலம் நாலு மணிக்கு. வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றீர்கள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, ஊரிலிருக்கிற வயசுப் பெண்களில் பாதிப் பேர் இல்லை. ஒன்பது மணிக்கு வைத்திருந்தால் வந்திருப்பார்களா என்று யாராவது எங்களிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம்.

அப்புறம் எங்கள் சித்தப்பா விஷயம். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா, நாற்பது வருஷமாகத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். ராஜா வருகிறார் என்று திரைக்கு முன்னால் வந்து சொல்கிறவன்தான் கட்டியக்காரன், ஆனால் ராஜாவைக் கேள்வி கேட்கிறவனும் அவன்தான், கூட்டத்தில் தூங்குகிறவனைக் கிண்டல் பண்ணி எழுப்புகிறவனும் அவன்தான். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே ரேஷன் கடையில் பருப்பு வராததைப் பேசுவார், ஜனம் பதில் சொல்லும், அவர் திருப்பிக் கொடுப்பார். நீங்கள் ஐந்து வாரம் பயிற்சி கொடுத்து எங்களுக்குப் பழக்கிய விஷயத்தை அவர் தூக்கத்தில் செய்வார். அவரை நீங்கள் என்ன செய்தீர்கள்? ஓரத்தில் உட்காரவைத்து நடுவில் இரண்டு விருத்தம் பாடச் சொன்னீர்கள். அரிதாரம் பூசி, புஜக்கட்டை கட்டி, கிரீடம் வைத்து நிற்கவைத்துப் போட்டோ எடுத்தீர்கள். அந்தப் போட்டோதான் போஸ்டரில் பெரிசாக வந்தது. நாடகத்தில் அவர் நின்றது நாலு நிமிஷம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் வந்தது சித்திரை, வைகாசி. எங்கள் பக்கம் பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும், பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வருஷத்துக்கு அரிசி அந்த நாலைந்து மாதத்தில்தான். ஐப்பசி மழையில் யார் கூத்து வைப்பார்கள்? உங்களுக்காக அவர் ஏழு ராத்திரியை விட்டார். கடைசியில் சால்வை போட்டு ஒரு கவர் கொடுத்தீர்கள், அதில் ஒரு ராத்திரிச் சம்பளம்கூட இல்லை. அவர் வாய் திறக்கவில்லை, கலைக்காகத்தானே என்றார். நான் சொல்கிறேன். லைட் வாடகைக்குப் பேரம் பேசாமல் கொடுத்தீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கூத்துக்குப் பேர்போன எங்கள் பக்கத்துப் புரிசையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ந. முத்துசாமி 1977-ல் ஆரம்பித்த கூத்துப்பட்டறை என்கிற நவீன நாடகக் குழுக்காரர்கள் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் வந்து கற்றுக்கொண்டார்கள், அவரை வாத்தியாராக உட்காரவைத்தார்கள். நவீன நாடகக்காரர் கூத்துக்காரரைப் பார்க்க வந்தது எங்கள் பக்கத்தில் புதுசு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அங்கே வந்தவர்கள் கீழே உட்கார்ந்தார்கள். நீங்கள் சித்தப்பாவிடம் ஒரு அடவுகூடக் கேட்கவில்லை.

கூத்தைத் தூக்கிவைத்துப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். அதன் யோக்கியதையும் எனக்குத் தெரியும். பாஞ்சாலி வேஷத்தைக்கூட ஆம்பளைதான் கட்டுவார், நான் சின்ன வயசில் தாளம் கையில் எடுத்ததற்கே அடி வாங்கியவள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-லிருந்து நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகள் கட்டைக்கூத்து கற்று ராத்திரி முழுக்க ஆடினார்கள் என்றால், அது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. உங்கள் வட்டத்தில் பன்னிரண்டு பொம்பளைகள் நின்றோம் என்பதே எனக்குப் பெரிய விஷயம், அதனால்தான் உங்கள்மேல் கோபம் கொஞ்சம் அதிகமாக வருகிறது.

இப்போது வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பாரதத்தில் பகாசூரன் வதத்தன்று பீமன் வேஷக்காரர் மாட்டு வண்டி ஏறி ஊரைச் சுற்றி வருவார், வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் பலகாரமும் கொண்டுவந்து வண்டியில் வைப்போம், அவர் தின்றுகொண்டும் வாரி இறைத்துக்கொண்டும் போவார், பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். தெருவே மேடை, சமையல் எங்களுடையது, அடுத்த வளைவில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. நடந்துகொண்டே பார்க்கிற நாடகம் புது முயற்சி என்று நீங்கள் விளக்கியபோது பால்கார அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தது இதனால்தான். ஆனால் அந்த வண்டி எங்கள் ஊரில் காலனிக்குள் ஒரு வருஷம்கூடப் போனதில்லை. ரைஸ்மில் முனையில் திரும்பிவிடும். விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் இதே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போகிற பிரச்சினையில் 2023-ல் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். எங்கள் ஊரில் சீல் வைக்கிற அளவுக்குப் போகவில்லை, யாரும் கேட்டதே இல்லை என்பதால்.

உங்கள் முதல் திட்டத்தில் நாடகம் தண்ணித் தொட்டியில் தொடங்கி, காலனி வழியாகப் போய், அங்கே ஒரு காட்சி நடந்து, களத்தில் முடிவதாக இருந்தது. பெரிய காகிதத்தில் படம் வரைந்து சுவரில் ஒட்டினீர்கள். அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது, பயமா சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் வாரம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் உங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அடுத்த நாள் சுவரில் அந்தக் காகிதம் இல்லை. நாடகத்தன்று மத்தியானம் ரோட்டில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனீர்கள், அந்த அம்பு ரைஸ்மில் முனையில் திரும்பியது. பீமன் வண்டி திரும்புகிற அதே இடம், ஒரு அடி முன்னே பின்னே இல்லை. எங்களோடு ஒரு மாதம் சேர்ந்து நடித்த அந்த ஐந்து பேருக்கும் வழி மாறியது அந்தச் சுண்ணாம்பைப் பார்த்துத்தான் தெரியும். அதில் ஒரு பொண்ணு, அவங்க அம்மா வாசலில் கோலம் போட்டுக் காத்திருக்கிறார் என்றது. ஒன்றும் கேட்காமல் வந்து தன் பங்கை நடித்துவிட்டுப் போனது.

நீங்கள் வெளியூர்ப் பிள்ளைகள், பெரியவர்கள் சொன்னால் பயம் இருக்கும், எனக்குப் புரிகிறது. சண்டை வந்தால் நீங்கள் வேன் ஏறிவிடுவீர்கள், அடி வாங்குவது காலனி ஜனம்தான், அதனால் அடங்கிப் போனதே நல்லது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதை யார் முடிவு செய்ய வேண்டும்? அந்த ஐந்து பேரிடம், இந்த மாதிரி சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டாமா? எங்களிடமும் கேட்டிருக்கலாம். அந்தப் பெரியவர்களில் ஒருத்தர் என் பெரிய மாமனார், நான் போய்ப் பேசியிருப்பேனா என்று தெரியாது, ஆனால் ஒருத்தி பேசாவிட்டால் ஒருத்தி பேசியிருப்பாள். கேட்காததால் எங்களுக்கும் சௌகரியமாகப் போய்விட்டது. நானும் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தவள்தான், யோக்கியம் பேசவில்லை.

அதே கண்ணாடிப் பொண்ணு இலங்கையில் மட்டக்களப்புச் சீலாமுனையைப் பற்றியும் சொன்னது. அங்கே சி. ஜெயசங்கரும் அவரோடு இருந்தவர்களும் ஊர்க்கூத்தை எடுத்துக்கொண்டு போய்ப் புதுசாக ஆக்கித் தரவில்லையாம். அண்ணாவிமாரும், அதாவது அங்கத்துக் கூத்து வாத்தியார்களும், கூத்தாடுகிறவர்களும் ஊர்க்காரர்களுமாக உட்கார்ந்து, இந்தக் கதையில் பெண்ணை இப்படிக் காட்டலாமா, சாதியை இப்படிப் பேசலாமா என்று பேசிப் பேசி, தங்கள் கூத்தைத் தாங்களே மாற்றியிருக்கிறார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். ஒரு மாதத்தில் முடிகிற வேலை இல்லை, வருஷக்கணக்கு. உங்களுக்கு ஐந்து வாரத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்றால், ஐந்து வாரத்தில் நாடகம் வேண்டாம், பேச்சோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று காசு கொடுக்கிறவர்களிடம் சொல்ல முடியுமா? முடியாது என்றால் எங்களிடமாவது அதை உடைத்துச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் ஏன் அப்படிச் சிடுசிடுவென்று இருந்தீர்கள் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, ரிப்போர்ட் அனுப்புகிற தேதி நெருங்கியிருக்கிறது.

பெயர் விஷயம் சின்னதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் எல்லாப் பெயரும் ஓடியது, இயக்கம், ஒளி, இசை, டிசைன், டீ வாங்கிக் கொடுத்த தம்பி வரைக்கும். எங்களுக்கு "மற்றும் ஊர் மக்கள்" என்று ஒரு வரி. பதினாலு பேர் பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? முதல் நாளே எல்லோரும் பெயரைச் சொல்லித்தானே ஆட்டம் ஆடினோம். ஆயாவின் பேரன் அந்த வீடியோவை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான்.

சரி, தைக்கு வருவதைப் பற்றி. தை நல்ல மாதம், சித்தப்பா வீட்டில்தான் இருப்பார், பங்குனிக்குள் முடித்துக்கொண்டால் அவருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் வேனும் லைட்டுமாக வருவதற்கு முன்னால் இரண்டு பேர் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வாருங்கள். அன்றைக்குக் கம்பெனிப் பிள்ளைகளும் வீட்டில் இருக்கும். எவ்வளவு பணம் வந்திருக்கிறது, யாருக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒத்திகை, எதை வைப்பது எதை எடுப்பது என்று யார் சொல்வது, எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி நடுவில் வைத்துப் பேசுவோம். ஏரியைப் பற்றி நாடகம் என்கிறீர்கள், அந்த ஏரியின் கடைசி மதகு காலனி நிலத்துக்குத்தான் போகிறது, அதில் மூன்று வருஷமாகத் தண்ணி வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பேசுகிறதா உங்கள் நாடகம், துணி ஆட்டுகிறதா என்பதை அன்றைக்கே முடிவு செய்துகொள்ளலாம். பேசுகிறது என்றால் வழியை நாங்கள் பதினாலு பேரும் சேர்ந்துதான் வரைவோம், பெரியவர்களிடம் பேச இந்தத் தடவை நானும் வருகிறேன்.

கூட்டம் போட இடம் தேட வேண்டாம், என் கடை வாசலில் இரண்டு பெஞ்சு இருக்கிறது, ஆயாவிடமும் சொல்லிவைக்கிறேன். உங்கள் நீலத் துணி மிச்சம் நாலு மீட்டர் என்னிடம்தான் இருக்கிறது. ஓரம் அடித்த கூலி பாக்கியும் இருக்கிறது, வரும்போது அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டெய்லர் அக்கா